மூன்றாவது முறை வராத நோயாளிகள்

அக்குபங்சர் சிகிச்சையாளரான ஒரு பெண் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

முறையாகப் படித்து, உரிமம் பெற்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் தொடங்கியிருக்கிறார். புதிதாக வருபவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் இரண்டு முறையோடு நின்றுவிடுகிறார்கள். வாடகை கட்டச் சேமிப்பில் கை வைக்கும் நிலை. இருபது அமர்வுகளுக்கு முன்கூட்டியே பணம் வாங்கிவிட்டால் நோயாளிகள் நிற்க மாட்டார்கள் என்கிறார் கணவர். விளம்பர ஆலோசகர் ஒருவர், நீரிழிவும் குழந்தையின்மையும் முழுமையாகக் குணமாகும் என்று விளம்பரம் செய்யச் சொல்கிறார். எலும்பு மருத்துவர் ஒருவர் நோயாளிகளை அனுப்பத் தயார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் எதிர்பார்க்கிறார். சீன மூலிகை மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கினால் வருமானம் கூடுமே என்ற எண்ணமும் இவருக்கு இருக்கிறது. “நோயைத் தீர்ப்பது தொண்டு. கட்டணம் கேட்கவே எனக்குக் கூசுகிறது. சொந்தக்காரர்களிடம் வாங்குவதே இல்லை. என் கைராசியில் நம்பிக்கை இருக்கிறது. சிகிச்சை நன்றாக இருந்தால் ஆட்கள் தானாக வருவார்கள் என்றுதான் நினைத்தேன்” என்று எழுதுகிறார். முதுகு வலிக்காக வந்த ஒருவர், சிகிச்சை தந்த தெம்பில் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னதைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். வாடகை ஒப்பந்தம் இன்னும் ஒன்பது மாதங்களில் முடிகிறது. புதுப்பிப்பதா, மூடிவிட்டு வேலைக்குப் போவதா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவரை இன்றே தொலைபேசியில் அழையுங்கள். முதுகு வலி கூடினால் உடம்பு சொல்லிவிடும். சர்க்கரை கூடினால் சொல்லாது. மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் அரித்துக்கொண்டிருக்கும். மாத்திரையை எழுதித் தந்த மருத்துவரை உடனே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அழைத்த தேதி, சொன்ன வார்த்தைகள் இரண்டையும் அவருடைய பதிவேட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்னபோது நீங்கள் மகிழ்ந்தீர்கள் அல்லவா, அந்த மகிழ்ச்சியை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பார். வேறொரு மருத்துவர் கொடுத்த மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அந்த மருத்துவரின் பொறுப்பு. இதை முதல் நாளே ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஏழு பேர் ஏன் நின்றார்கள்?

உங்கள் கடிதத்தில் ஊசி போடும் புள்ளிகளைத் தேர்வது பற்றி இருக்கிறது, நாடி பார்ப்பது பற்றி இருக்கிறது, அறையின் அமைப்பு பற்றிக்கூட இருக்கிறது. முதல் நாள் சிகிச்சை முடிந்து நோயாளி எழுந்து உட்கார்ந்த பிறகு அவரிடம் என்ன பேசுகிறீர்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நோயாளி நிற்கும் காரணம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. உங்கள் கைராசியை நான் சந்தேகிக்கவில்லை.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆறு மாதமாகக் கழுத்து வலி. ஊசி என்றால் பயம். துணிந்து வந்துவிட்டார். அன்று மாலை கொஞ்சம் இதமாக இருந்தது, மறுநாள் வலி பழையபடி வந்துவிட்டது. இது இயல்பா, சிகிச்சை பலிக்கவில்லையா என்று அவருக்குத் தெரியாது. இன்னும் எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதும் தெரியாது. கேட்கத் தயக்கம். இரண்டாம் முறை வருகிறார். நீங்கள் அன்போடு விசாரித்து, ஊசி போட்டு, “அடுத்த வாரம் பார்ப்போம்” என்று அனுப்பிவிடுகிறீர்கள். அடுத்த வாரம் அவருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

இதற்குப் பதிலாக முதல் நாளே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உங்கள் வலி ஆறு மாதப் பழையது. ஒரே நாளில் போகாது. வாரம் இரண்டு முறை வீதம் மூன்று வாரம் வாருங்கள், மொத்தம் ஆறு அமர்வுகள். முதல் இரண்டு முறை, வலி ஒரு நாள் குறைந்து மறுபடி வரலாம், அது வழக்கம்தான். ஆறாவது அமர்வில் இருவரும் சேர்ந்து பார்ப்போம். முன்னேற்றம் இருந்தால் வாரம் ஒரு முறையாகக் குறைத்துத் தொடரலாம். இல்லையென்றால் நான் இழுத்துக்கொண்டு போக மாட்டேன், யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன்.” இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எத்தனை முறை, எதை எதிர்பார்க்கலாம், எப்போது நிறுத்தலாம் என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன. “பலிக்காவிட்டால் நிறுத்துவேன்” என்று சொன்னால் ஆள் ஓடிவிடுவாரோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வாக்கியத்தைக் கேட்டபின்தான் பலர் நிம்மதியாக அடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

இந்த எண்ணிக்கைகள் நானாக இட்டுக்கட்டியவை அல்ல. ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு, மற்ற மருந்துகள் ஒத்துவராதபோது, ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து அமர்வுகள் வரை பார்க்கலாம் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாட்களில் 12 அமர்வுகளை ஏற்கிறது. முன்னேற்றம் தெரிந்தால்தான் மேலும் எட்டு, ஆண்டுக்கு மொத்தம் இருபதுக்கு மேல் கிடையாது. முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்த வேண்டும் என்ற விதி அங்கே எழுத்திலேயே இருக்கிறது. உங்கள் சிகிச்சைத் திட்டத்திலும் அது இருக்கட்டும்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? “பரவாயில்லையா?” என்று கேட்டால் மரியாதைக்காகவே “பரவாயில்லை” என்பார்கள். அவரால் செய்ய முடியாமல் போன மூன்று காரியங்களை முதல் நாளே அவர் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பி வண்டியைப் பின்னோக்கி எடுப்பது, இரவில் இடப்பக்கம் படுப்பது, குழந்தையைத் தூக்குவது என்பதுபோல. ஒவ்வொன்றும் எவ்வளவு சிரமம் என்று பூஜ்யம் (சிரமமே இல்லை) முதல் பத்து (செய்யவே முடியவில்லை) வரை அவரே மதிப்பெண் போடட்டும். ஆறாவது அமர்வில் பழைய எண்ணை மறைத்துவிட்டுப் புதிய எண்ணைக் கேளுங்கள், பிறகு இரண்டையும் அருகருகே காட்டுங்கள். எட்டு நான்கான நோயாளி, “இன்னும் வலிக்கிறது” என்று சொல்லிக்கொண்டு வந்தவராகவே இருப்பார். தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும். எண் அசையவில்லை என்றால், கசப்பாக இருந்தாலும், அது உங்களுக்கும் தெரிய வேண்டிய செய்தி.

இன்னொன்று. முதல் சிகிச்சைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு தொலைபேசி அழைப்பு. அடுத்த நேரத்தை நினைவூட்டும் அழைப்பாக அது இருக்க வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போயிருக்கிறதா, தூக்கம் எப்படி, மயக்கம் வந்ததா என்று மட்டும் கேளுங்கள். இதை உதவியாளரிடம் விடாதீர்கள்.

முன்பணத் திட்டம்

கணவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டிப் பணம் கட்டியவர் ஒழுங்காக வருவார் என்பதும் உண்மை, உங்கள் கையில் பணம் புரளும் என்பதும் உண்மை. ஆனால் செய்யாத சிகிச்சைக்காக வாங்கிய பணம் வருமானமல்ல, நீங்கள் திருப்பித் தர வேண்டிய கடன். அதை எடுத்து இந்த மாத வாடகை கட்டினால், நான்கு பேர் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது என்ன செய்வீர்கள்? இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இருபது அமர்வுகளுக்குப் பணம் வாங்கிய பிறகு, ஆறாவது அமர்வில் “இது உங்களுக்குப் பலிக்கவில்லை” என்று சொல்ல உங்களுக்கே மனம் வராது. முன்னால் சொன்ன திட்டம் முழுவதும் அங்கே உடைந்துபோகும்.

தள்ளுபடி தர விரும்பினால் ஐந்து அல்லது ஆறு அமர்வுகளோடு நிறுத்துங்கள். எப்போது நிறுத்தினாலும் மீதித் தொகை திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, ஒவ்வொரு அமர்வும் முடிந்த பிறகு அதற்குரிய பங்கை மட்டும் எடுங்கள். முன்பணம் பற்றியும் அதைத் திருப்பித் தருவது பற்றியும் உங்கள் நாட்டின் நுகர்வோர் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

விளம்பரத்தில் எதைச் சொல்லலாம்?

அந்த ஆலோசகரின் வாசகங்களை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். உரிமத்தை இழந்தால் நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்ற கேள்வியே உங்கள் கையில் இருக்காது.

உண்மையைச் சொல்லியே விளம்பரம் செய்ய நமக்குப் போதுமான சரக்கு இருக்கிறது. நாள்பட்ட முதுகு, கழுத்து, தோள் வலி, மூட்டுத் தேய்மான வலி, தலைவலி ஆகியவற்றுக்காக நடந்த 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 நோயாளிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து அலசி 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. சிகிச்சை பெறாதவர்களைவிடவும், போலி ஊசி (உண்மையான சிகிச்சைபோலத் தோன்றுவதற்காக மட்டும் செய்யப்படுவது) பெற்றவர்களைவிடவும் அக்குபங்சர் பெற்றவர்களுக்கு வலி குறைந்திருந்தது. போலி ஊசியோடு ஒப்பிடும்போது வித்தியாசம் சிறியது என்பதையும் அதே அலசல் காட்டியது.

அந்தச் சிறிய வித்தியாசத்தை நம் தொழிலில் பலர் மறைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் மறைக்க வேண்டாம், அதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் இடுப்பு வலி நோயாளிகள் 1,162 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2007-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போடப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினருக்கும் குறிப்பிடத்தக்க பலன் இருந்தது. மருந்து, பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பலன் கண்டவர்கள் 27.4 சதவீதம். புள்ளியைத் துல்லியமாகப் பிடிப்பது மட்டுமே சிகிச்சை அல்ல என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அரை மணி நேர அமைதி, தொடுதல், காது கொடுத்துக் கேட்பது, வாரம் தவறாமல் நடக்கும் சந்திப்பு எல்லாமே நோயாளிக்கு வேலை செய்கின்றன. “யாருக்கும் தெரியாத இரகசியப் புள்ளி” என்று விற்பவரைவிட, நேரத்துக்கு நோயாளியை அழைத்து அவசரமில்லாமல் பார்ப்பவரிடம் மக்கள் நிலைப்பதில் வியப்பில்லை.

ஆகவே விளம்பரம் எளிமையாக இருக்கட்டும். எந்த வலிகளுக்குப் பார்க்கிறீர்கள், என்ன படித்திருக்கிறீர்கள், உரிம எண், கட்டணம், முதல் நாள் என்ன நடக்கும், இவ்வளவு போதும். பெயருக்கு முன் “டாக்டர்” போட உங்கள் சட்டம் அனுமதிக்கவில்லை என்றால் போடாதீர்கள். நோயாளிகள் பழக்கத்தில் அப்படி அழைத்தால் மென்மையாகத் திருத்துங்கள். குழந்தையின்மைக்காக வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அவர் பெறும் மகப்பேறு சிகிச்சையோடு சேர்த்து மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் பார்க்கலாம். கருத்தரிப்புக்கு உத்தரவாதம் தர யாருக்கும் உரிமையில்லை.

கமிஷன்

வேண்டாம். நோயாளியை அனுப்பப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் பெரும்பாலான நாடுகளில் மருத்துவ நெறிகளுக்கு எதிரானது, பல இடங்களில் சட்டத்துக்கும் எதிரானது. அந்த மருத்துவரின் வழியை வேறு விதமாகத் திறக்கலாம். அவருடைய நோயாளி ஒருவர் உங்களிடம் வந்தால், ஆறாவது அமர்வுக்குப் பின் நோயாளியின் சம்மதத்தோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். வந்தபோது இருந்த மதிப்பெண், இப்போதைய மதிப்பெண், செய்த சிகிச்சை, இனி உங்கள் யோசனை. யின், யாங், சி என்ற சீன மருத்துவச் சொற்கள் அதில் வேண்டாம், அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். உங்கள் எல்லை எது என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அந்தக் கடிதமே அவருக்குக் காட்டிவிடும். முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனவர், தொடையிடுக்கு மரத்துப்போனவர், காரணமில்லாமல் எடை குறைந்தவர், இரவில் மட்டும் கடுமையாக வலிப்பவர் போன்றவர்களை ஊசி போடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் சிகிச்சையாளர் என்று பெயர் வந்துவிட்டால், கமிஷன் இல்லாமலே நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

மூலிகை

“இயற்கையானது, கெடுதல் செய்யாது” என்று எழுதியிருக்கிறீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையில் சேர்க்கப்பட்ட ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற வேறு செடி கலந்துவிட்டது. இரண்டின் சீனப் பெயர்களும் ஏறக்குறைய ஒன்று. நூறுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டிவந்தது, பின்னாளில் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயும் சிலரைத் தாக்கியது. பொட்டலத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சோதிக்கும் ஏற்பாடுதான் அங்கே இல்லை.

நீங்கள் படித்தது ஊசியும், புள்ளிகளுக்குச் சூடு கொடுக்கும் மோக்சாவும், குவளை வைத்துத் தோலை உறிஞ்சும் கப்பிங்கும். மூலிகை தனிப் படிப்பு. அதை முறையாகப் படித்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆய்வகச் சான்று தரும் வணிகரைக் கண்டுபிடித்து, உங்கள் சட்டமும் காப்பீடும் அனுமதிப்பதை உறுதிசெய்த பிறகு யோசியுங்கள். வாடகைக்குப் பணம் போதவில்லை என்பது மூலிகை கொடுக்கத் தொடங்குவதற்குக் காரணமாகாது.

பாதுகாப்பும் பதிவேடும்

காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள். நம் சிகிச்சை பொதுவாகப் பாதுகாப்பானது. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் 8.6 சதவீதத்தினர் ஏதாவதொரு பக்கவிளைவைச் சொன்னார்கள், பெரும்பாலும் சிறு இரத்தக்கசிவு அல்லது கன்றிப்போதல். ஆனால் இருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது. தோளின் உச்சியிலுள்ள ஜியான்ஜிங் புள்ளியிலும் மார்பு, மேல்முதுகுப் புள்ளிகளிலும் ஊசி ஆழமாகப் போனால் இது நேரும், அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம். அங்கே ஊசி போட்ட நாளில், “மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி போட்டதைச் சொல்லுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி, எடுக்கும்போது வாய்விட்டு எண்ணுங்கள். தலைமுடிக்குள் போட்ட ஒன்று மறந்துபோவது நம் தொழிலில் புதிதல்ல. புள்ளிகளை உலக சுகாதார அமைப்பு தரப்படுத்திய 361 புள்ளிகளின் குறியீட்டிலேயே எழுதினால், உங்களுக்குப் பதிலாக ஒரு நாள் இன்னொருவர் பார்க்க நேர்ந்தாலும் புரியும். ஒப்புதல் படிவம் அவசியம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இதய முடுக்கி (பேஸ்மேக்கர்), கர்ப்பம் இம்மூன்றையும் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டு எழுதுங்கள்.

கட்டணமும் உங்கள் கணக்கும்

கட்டணம் கேட்கக் கூசுவது நல்ல மனத்தின் அடையாளம். ஆனால் வாடகை கட்ட முடியாமல் மூடிய சிகிச்சை நிலையத்தால் எந்த ஏழைக்கும் பயனில்லை. தொண்டு செய்ய விரும்பினால் அதற்கு நேரம் ஒதுக்குங்கள்: வாரத்தில் ஒரு அரைநாள், ஒரே அறையில் ஐந்தாறு சாய்நாற்காலிகள், கை, கால், காதுப் புள்ளிகள் மட்டும், முடிந்ததைக் கொடுக்கலாம் என்ற கட்டணம். சொந்தக்காரர்களையும் அந்த அரைநாளுக்கே வரச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. அதைச் சுவரில் எழுதி மாட்டிவிட்டால் வாயால் கேட்க வேண்டிய சங்கடமும் பாதி போய்விடும்.

மூடுவதா தொடர்வதா என்பதை இன்றைய மனநிலையில் முடிவு செய்யாதீர்கள். வாடகை, மின்சாரம், ஊசி, காப்பீடு, வரி, உங்கள் வீட்டுக்குத் தேவையான சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு அமர்வின் கட்டணத்தால் வகுங்கள். மாதத்துக்கு எத்தனை அமர்வுகள் தேவை என்ற எண் கிடைக்கும். சம்பளத்தைச் சேர்க்காமல் போடும் கணக்குதான் பலரை ஏமாற்றுகிறது. உங்களுக்குப் புதியவர்கள் வந்துகொண்டிருப்பதால், பத்தில் மூன்று பேர் தொடர்வது ஆறு பேர் ஆனாலே மொத்த அமர்வுகள் வெகுவாகக் கூடிவிடும். விளம்பரத்துக்குச் செலவழிக்காமலே இது நடக்கும்.

அடுத்த ஆறு மாதங்களுக்கு, புதியவர்கள் எத்தனை, அவர்களில் ஆறாவது அமர்வு வரை வந்தவர்கள் எத்தனை, மொத்த அமர்வுகள் எத்தனை என்று மாதம்தோறும் எழுதிவாருங்கள். இடையில் வாரம் இரண்டு நாள் ஒரு வலி நிவாரண மையத்திலோ மறுவாழ்வு மையத்திலோ வேலை கிடைத்தால் ஒத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு கரைவது நிற்கும், மற்ற மருத்துவர்களோடு பழக்கமும் ஏற்படும்.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது கணவரோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பாருங்கள். தேவையான எண்ணில் முக்கால் பங்கைத் தொட்டு, மேல்நோக்கிப் போய்க்கொண்டும் இருந்தால் புதுப்பியுங்கள்; நீண்ட காலத்துக்கு வேண்டாம், ஓராண்டுக்குக் கேளுங்கள். அதற்குக் கீழே என்றால் இடத்தை விட்டுவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டுடனோ இன்னொரு சிகிச்சையாளருடனோ அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இடம் மாறும்போது சிகிச்சை நடுவில் இருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பதிவேடுகளை உங்கள் சட்டம் சொல்லும் காலம் வரை பூட்டி வைத்துக் காப்பாற்றுங்கள். கேட்பவர்களுக்கு அவர்களுடைய பதிவின் நகலைக் கொடுங்கள்.